ஹாலேக்கு ஒரு நாள்: தமிழ் எழுத்து வார்க்கப்பட்ட ஊர்

ஜெர்மனியில் படிக்கவும் பணிபுரியவும் சென்றிருக்கும் தமிழ் நண்பர்கள் அவ்வப்போது ஒரு கேள்வி கேட்பதுண்டு. விடுமுறை நாள் ஒன்று கையில் இருக்கிறது. காலையில் இரயிலேறி மாலையில் திரும்பிவிட வேண்டும். பழமை மிக்க ஊர் ஒன்றைச் சொல்லுங்கள் என்பார்கள். வழிகாட்டி நூல்கள் ஹைடெல்பெர்க்கையும் ரோட்டன்பர்க்கையும் பரிந்துரைக்கும். அழகான ஊர்கள்தாம், ஐயமில்லை. ஆயினும் தமிழ் படித்தவர்களிடம் நாம் சொல்லும் பெயர் வேறு. சாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே என்ற நகரம் அது. கோட்டை கொத்தளங்களால் பெயர் பெற்ற ஊரன்று. ஆனால் தரங்கம்பாடியில் அச்சேறிய தமிழ் நூல்களுக்கு முதலில் எழுத்து வார்த்துக் கொடுத்த ஊர் அதுவே. அச்சில் வெளிவந்த முதல் தமிழ் இலக்கண நூலும் 1716இல் அங்கேதான் வெளியாயிற்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சாதாரணத் தமிழர் சிலரின் குரல் ஜெர்மானிய மொழியில் மட்டும் எஞ்சியிருப்பதும் அவ்வூரில் அச்சான பக்கங்களில்தான்.

இக்கட்டுரை ஒரு நாள் பயணத்துக்கான திட்டம். எந்த இடத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பது வரலாற்றைச் சொல்லாமல் விளங்காது என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்ல முற்படுகிறோம்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஜெர்மனியின் அருங்காட்சியகங்கள் பலவற்றைப் போலவே ஹாலேயில் நாம் பார்க்க வேண்டிய ஃபிராங்கே அறக்கட்டளையின் காட்சிக்கூடமும் அன்று மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகமும் நூலகமும் ஆய்வாளருக்குத் திறந்திரா. ஆகவே ஓலைச்சுவடியையோ பழைய கடிதத்தையோ கண்ணால் பார்க்க விரும்புவோர் வாரநாளைத் தேர்ந்தெடுத்து, இன்ன ஆவணம் வேண்டும் என்று குறிப்பிட்டுச் சில வாரங்களுக்கு முன்பே எழுதி இசைவு பெறுவது நல்லது. முன்னறிவிப்பின்றி வாசலில் போய் நிற்பவருக்கு முந்நூறு ஆண்டுப் பழமையான ஏட்டை எடுத்துக் காட்ட எந்தக் காப்பகமும் இசையாது, இசையவும் கூடாது.

அடுத்து இரயில். பெர்லின் மத்திய நிலையத்திலிருந்து தெற்கே மியூனிக் நோக்கிச் செல்லும் விரைவு இரயில்களில் பல ஹாலேயில் நிற்கின்றன. ஒரு மணி நேரமும் சற்றுக் கூடுதலும் ஆகும். லைப்சிக் நகரில் தங்கியிருப்போருக்கு இன்னும் எளிது. 2013 டிசம்பரில் அந்நகரின் சுரங்க இரயில்பாதை திறக்கப்பட்ட பின், புறநகர் வண்டிகள் அடிக்கடி செல்கின்றன. அரைமணி முதல் முக்கால் மணிக்குள் ஹாலே வந்துவிடும். பயணச்சீட்டு எடுக்கும்போது ஊரின் முழுப் பெயரைக் கவனிக்க வேண்டும். ஹாலே என்ற பெயரில் வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு சிற்றூர் உண்டு. பெல்ஜியத்திலும் ஒன்று உண்டு. நமக்கு வேண்டியது அடைப்புக்குறிக்குள் 'சாலே' என்று ஆற்றின் பெயரைத் தாங்கிய ஹாலே. லைப்சிக்–ஹாலே விமான நிலையம் என்றொரு நிறுத்தமும் வழியில் உண்டு. அங்கே இறங்கிவிட்டால் ஊரைக் காண முடியாது.

நான்கைந்து பேர் சேர்ந்து செல்வதாயின் மாநில அளவிலான ஒரு நாள் குழுச் சீட்டு சிக்கனமானது. சாக்சனி, சாக்சனி–அன்ஹால்ட், துரிங்கியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் அது செல்லும். வாரநாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகே செல்லுபடியாகும். விரைவு இரயில்களில் ஏற முடியாது. மாதாந்திர 'டாய்ச்லாண்ட்' சீட்டு வைத்திருப்போர் வேறு சீட்டு வாங்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய அச்சீட்டு 2025 ஜனவரியில் 58 யூரோவாகவும் 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்தது. அதுவும் உள்ளூர், வட்டார வண்டிகளுக்கு மட்டுமே உரியது. லைப்சிக்கிலிருந்து ஒன்பது மணிக்குப் பின் புறப்பட்டாலும் காட்சிக்கூடம் திறந்து சற்று நேரத்துக்குள் வாசலில் நிற்கலாம் என்பதால் இக்கட்டுப்பாடுகளால் நமக்கு இழப்பில்லை.

இவ்வூருக்கு இரயில் வந்தது 1840இல். அதற்கு நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த நிறுவனத்தோடு தொடர்புடைய இருவர் தமிழகம் நோக்கிப் புறப்பட்டபோது, 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பலேறி 1706 ஜூலை 9ஆம் நாள்தான் தரங்கம்பாடியை அடைந்தார்கள். ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் கழிந்தன. கடிதம் ஒன்று போய், விடை திரும்பி வர ஒன்றரை இரண்டு ஆண்டுகள் ஆகும் காலம் அது. ஹாலேயின் காப்பகத்தில் உள்ள தாள்களைப் பார்க்கும்போது இந்தக் கால இடைவெளியை நினைவில் வைத்திருக்க வேண்டும். அங்கே கேட்கப்பட்ட கேள்விக்கு இங்கே விடை எழுதப்படும்போது கேட்டவரின் மனநிலையே மாறியிருக்கக்கூடும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்து ரீபெக் சதுக்கத்தைக் கடந்தால் லைப்சிகர் தெரு என்ற நடைபாதைத் தெரு ஊரின் நடுவிலுள்ள சந்தைச் சதுக்கத்துக்கு அழைத்துச் செல்லும். பெரும்பாலோர் நேரே அங்கேதான் போவார்கள். நாம் காலையில் அங்கே போகாமல் தெற்கே திரும்பி ஃபிராங்கே சதுக்கத்துக்குச் செல்லலாம் என்கிறோம். கால்மணி நேர நடை. டிராம் வண்டியும் உண்டு. உடலும் மனமும் களைப்படையாத முற்பகலை அதற்கே கொடுக்க வேண்டும்.

அங்கே நிற்பது அநாதை இல்லமாகத் தொடங்கிய ஒரு கட்டட வரிசை. அதைத் தோற்றுவித்த அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே (1663–1727) ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் நகருக்கு வெளியே கிளவுகா என்ற ஏழைப் புறநகரில் குருவாகவும் இருந்தவர். லூத்தரன் சபைக்குள் எழுந்த 'பியட்டிசம்' என்ற இயக்கத்தின் முன்னணி ஆளுமை. சடங்கையும் கோட்பாட்டு விவாதத்தையும் விட உள்ளத்தின் மாற்றத்தையும் அன்றாட ஒழுக்கத்தையும் அவ்வியக்கம் வலியுறுத்தியது. தமிழில் இதைப் 'பக்தி இயக்கம்' என்று பெயர்த்தால் நமக்கு ஆழ்வார்களும் நாயன்மார்களும் நினைவுக்கு வந்து குழப்பும். ஆகவே மூலப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

1695ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில் ஃபிராங்கே தம் வீட்டில் வைத்திருந்த உண்டியலில் யாரோ ஒருவர் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் இட்டுச் சென்றார். அந்தச் சிறு தொகையைக் கொண்டு நூல்கள் வாங்கி, ஏழை மாணவர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஏழைச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பள்ளிகள், மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை, 1710இல் விவிலியங்களை மலிவாக அச்சிட்டு விற்கும் நிறுவனம் என அது வளர்ந்தது. ஃபிராங்கே மறைந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டிருந்தனர். நன்கொடையை மட்டும் நம்பி நடந்த நிறுவனமன்று இது. மருந்து விற்பனையும் நூல் விற்பனையும் அதைத் தாங்கின. நூறு மீட்டருக்கும் மேல் நீளும் ஆறு தளங்கள் கொண்ட மரச்சட்டக் கட்டடத்தின் முன் நின்று பார்த்தால், அறமும் வணிகமும் எவ்வளவு நெருங்கிக் கைகோத்திருந்தன என்பது புலப்படும்.

தலைமைக் கட்டடத்தின் மேல்தளத்தில், கூரைக்குக் கீழே, 'அரும்பொருள் அறை' இருக்கிறது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்த பொருள்களைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்தார்கள். 1741 வாக்கில் ஓவியரும் இயற்கை ஆய்வாளருமான கோட்ஃபிரீட் அவுகுஸ்ட் கிரூண்ட்லர் அவற்றை வகைப்படுத்தி, பேழைகளுக்கு முகப்போவியம் தீட்டினார். அப்பேழைகள் இன்றும் அதே அறையில் உள்ளன. ஏறத்தாழ மூவாயிரம் பொருள்கள். சங்கு, பாம்பு, மெழுகுருவம், கூரையிலிருந்து தொங்கும் முதலை ஆகியவற்றோடு தென்னிந்தியாவிலிருந்து போன பொருள்களும் அங்கே உள்ளன. பனையோலையும் அவற்றுள் அடக்கம். நம் வீட்டுப் பரணில் கிடந்திருக்கக்கூடிய ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் அரும்பொருளாகக் கிடப்பதைக் காணும்போது எழும் உணர்வை விளக்குவது கடினம். பெருமையும் கூச்சமும் கலந்த ஒன்று அது. அதே வளாகத்தில் 1726–1728இல் கட்டப்பட்ட நூலகக் கட்டடமும் உண்டு. ஜெர்மனியில் எஞ்சியுள்ள சமயச் சார்பற்ற தனி நூலகக் கட்டடங்களுள் மிகப் பழையது என்று இதைச் சொல்வர். நாடக மேடையின் பக்கத்திரைகள் போல இருபுறமும் அடுக்குகள் வரிசையாக நிற்கின்றன.

இனி நம் ஊர்த் தொடர்புக்கு வருவோம். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர் வசமாயிற்று. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் தம் குடியேற்றத்துக்கு மறைப்பணியாளரை அனுப்ப விரும்பியபோது ஆட்கள் கிடைத்தது ஃபிராங்கேயின் வட்டத்திலிருந்து. சாக்சனியின் புல்ஸ்நிட்ஸில் 1682இல் பிறந்து ஹாலேயில் சிறிது காலம் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் அவ்வாறு வந்தவர்கள். சீகன்பால்குவுக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

அவர் தமிழ் கற்ற முறை குறிப்பிடத்தக்கது. முதிய வாத்தியார் ஒருவரைத் தம் பள்ளியையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்து, பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பிறகு போர்த்துகீசியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் தெரிந்த, டேனியக் கும்பினியில் துபாஷியாக இருந்த அழகப்பன் என்பவரை உதவிக்கு அமர்த்தினார். ஈராண்டுகளுக்குள், 1708இல், தாம் சேர்த்த நூல்களுக்குக் குறிப்புரையோடு ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 'பிப்லியோதேகா மலபாரிக்கா' என்ற அப்பட்டியலில் தமிழ் நூல்கள் மட்டும் 119. திருக்குறளும் உண்டு, சிவவாக்கியமும் உண்டு, திண்ணைப் பள்ளியில் ஓதிய நீதி நூல்களும் உண்டு. நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் அதே ஆண்டில் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிப் புறப்படுவதற்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

அந்நூல்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். தம் எழுத்தர்களைப் பல நாள் வழிநடைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் மனைவியரிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கச் செய்தார். கணவன் வாழ்நாளெல்லாம் போற்றிய ஏட்டுக்கட்டை அரிசிக்காகவோ எண்ணெய்க்காகவோ விற்ற அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சீகன்பால்குவைக் கொள்ளைக்காரர் என்று ஏசுவோரும் தமிழ்த் தொண்டர் என்று போற்றுவோரும் இக்காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். விற்க வேண்டிய நிலையும் வாங்க ஆள் இல்லாத ஊரும் நம்முடையவை.

ஹாலேயின் நேரடிப் பங்கு அடுத்து வருகிறது. தமிழ் அச்சு இவர்களோடு தொடங்கவில்லை. 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்திலும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலும் தமிழ் நூல்கள் அச்சாயின. ஆனால் அம்மரபு தொடர்ச்சியாக நீடிக்கவில்லை. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பப்பட்ட எழுத்து வடிவங்களைப் பார்த்து ஹாலேயில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. தமிழ் ஒரு சொல்லும் அறியாத கைவினைஞர்கள் செதுக்கிய எழுத்துகள் அவை. 1713இல் யோஹான் கோட்லீப் ஆட்லர் என்ற அச்சுக் கலைஞரோடு அவை தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. எழுத்துகள் பெரியவை, காகிதமோ விலை மிக்கது, விவிலியத்தை அச்சிட்டு மாளாது. ஆகவே ஆட்லர் தரங்கம்பாடிக்கு அருகே பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார். 1714–1715இல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. ஹாலே எழுத்துகளுக்கும் பொறையாற்று எழுத்துகளுக்கும் இடையிலான வேறுபாடு நல்ல பாடம். தொலைவில் இருந்துகொண்டு படியைப் பார்த்துச் செய்ததை, அவ்வெழுத்தை அன்றாடம் எழுதுவோர் நடுவில் இருந்துகொண்டு திருத்தினார்கள்.

1714 இறுதியில் ஐரோப்பா திரும்பிய சீகன்பால்கு கப்பலிலேயே ஓர் இலக்கண நூலை இலத்தீனில் எழுதினார். 'கிரமாட்டிக்கா தாமுலிக்கா' என்ற அந்நூல் 1716இல் ஹாலே அநாதை இல்ல அச்சகத்தில் வெளியாயிற்று. நன்னூல் வழியைப் பின்பற்றாமல் பேச்சு மொழியைக் கற்க வருவோருக்காக எழுதப்பட்டது. 1716 வரை நீண்ட அந்த ஐரோப்பியப் பயணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் அவருக்குத் துணையாகச் சென்றிருந்தார். இலக்கணத்தின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. மலையப்பன், அழகப்பன், பெயர் தெரியாத அந்த வாத்தியார் ஆகியோர் வாயிலிருந்து வந்த தமிழே அந்நூலின் உயிர் என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

மொழி கற்பித்தல் அவ்வளவில் நிற்கவில்லை. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றிய பெஞ்சமின் சுல்ட்சே 1743இல் திரும்பி ஹாலேயில் தங்கினார். அவரிடம் தமிழ் பயின்று 1750இல் தமிழகம் வந்தவர் சுவார்ட்ஸ். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் கல்விக்கும் காப்புக்கும் பொறுப்பேற்ற அதே சுவார்ட்ஸ் ஐயர். அகராதியும் விவிலிய மொழிபெயர்ப்பும் தந்த பப்ரீசியஸும் ஹாலேயில் படித்தவரே.

இத்தனையும் கேட்டபின் ஹாலேயைத் தமிழின் தாய்வீடு என்று கொண்டாடிவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். சீகன்பால்கு 1713இல் 'மலபார்த் தெய்வங்களின் வமிசாவளி' என்ற நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். நம் ஊர்க் கோயில்கள், கிராம தேவதைகள், திருவிழாக்கள் பற்றி உள்ளூராரிடம் கேட்டுத் தொகுத்த அரிய நூல். ஃபிராங்கே அதை அச்சிடவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கருத்தாகச் சொல்லப்படுகிறது. 1711இல் எழுதப்பட்ட மற்றொரு பெருநூலுக்கும் அதே கதிதான். முன்னது வில்ஹெல்ம் கெர்மன் என்பவரால் 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. பின்னது 1926இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. எழுத்து வார்த்துக் கொடுத்த அதே ஊர் எதை அச்சிடலாம், எதைப் பூட்டி வைக்கலாம் என்றும் முடிவு செய்தது. பூட்டி வைத்தார்களே ஒழிய எரித்துவிடவில்லை என்பதும் உண்மை.

நம்மை மிகவும் உறுத்துவது 'மலபார்க் கடிதங்கள்'. 1712 முதல் 1714 வரை மறைப்பணியாளர்கள் கேள்விகளை எழுதித் தமிழர்களுக்கு அனுப்பி, எழுத்தில் விடை பெற்றார்கள். சமயம், பள்ளிக்கூடம், மருத்துவம், உழவு, வழக்கு, திருமணம் எனப் பலவும் பேசப்படுகின்றன. கிறித்தவர்களின் நடத்தை பற்றிய கடுமையான விமரிசனமும் உண்டு. 55 கடிதங்கள் 1714இலும் 44 கடிதங்கள் 1717இலும், ஹாலேயிலிருந்து வெளிவந்த மிஷன் அறிக்கைகளில் ஜெர்மானிய மொழிபெயர்ப்பாக அச்சாயின. மறுப்புரைகளை அடிக்குறிப்பாகச் சேர்த்தார்கள். பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர் கருதுவர். மறைப்பணியாளருக்கு உதவியதற்காகத் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டவர் அவர். இந்தத் தொண்ணூற்றொன்பது கடிதங்களின் தமிழ் மூலம் இன்று இல்லை.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தமிழர் தம் வாழ்க்கையைப் பற்றித் தம் நடையில், செய்யுளாக இல்லாமல் உரைநடையில், அந்நியர் ஒருவருக்கு எழுதிய விடைகள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைத் தொடங்குவதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முந்தியவை. தமிழ் உரைநடை வரலாற்றில் எவ்வளவு பெரிய இடம் பெற்றிருக்க வேண்டியவை! இன்று அவற்றைப் படிக்க வேண்டுமானால், தமிழிலிருந்து ஜெர்மானிய மொழிக்குப் போனதை மீண்டும் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவரும் தமிழ் அழகப்பனின் தமிழாக இராது. 'அவர்கள்' காத்தார்கள், நாம் இழந்தோம் என்ற எளிய வாய்பாடு இங்கே செல்லாது. கருத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது, காத்தார்கள். மொழி தேவைப்படவில்லை; காக்கவில்லை.

காப்பகத்துக்குச் செல்வோர் இதையும் அறிந்து செல்ல வேண்டும். ஹாலேயில் இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகள் உள்ளன. அவற்றில் சங்க நூலோ தொலைந்துபோன காப்பியமோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பகுதி மிஷன் சார்ந்த எழுத்துகள்: மொழிபெயர்ப்புகள், பிரசங்கங்கள், ஞானபோதனைகள். ஆனால் மொழி வரலாறு படிப்பவருக்கு அவை புதையலே. இலக்கண நூல் ஏற்காத அன்றைய வழக்குச் சொற்கள் அங்கே எழுத்தில் நிற்கின்றன. பட்டியலை இணையத்திலேயே பார்த்துவிட்டு, வேண்டிய எண்ணைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். வில் ஸ்வீட்மனும் இரா. இலக்குவனும் 2012இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்ட 'பிப்லியோதேகா மலபாரிக்கா' பதிப்பை முன்கூட்டியே படித்திருந்தால் பயணம் இரட்டிப்புப் பயன் தரும்.

முற்பகல் இவ்வாறு கழிந்தால், பிற்பகலை ஊருக்குக் கொடுக்கலாம். சந்தைச் சதுக்கத்தில் நான்கு கோபுரத் தேவாலயமும் தனித்து நிற்கும் செங்கோபுரமும் உள்ளன. 1546இல் லூத்தரின் உடல் விட்டன்பெர்க் கொண்டுசெல்லப்பட்ட வழியில் இத்தேவாலயத்தில் ஓரிரவு வைக்கப்பட்டது. அவருடைய முகத்திலிருந்து எடுத்த அச்சு இங்கே இருக்கிறது. இசையமைப்பாளர் ஹேண்டல் 1685இல் இவ்வூரில் பிறந்து இங்கேதான் திருமுழுக்குப் பெற்றார். அவர் பிறந்த வீடு அருங்காட்சியகம். சதுக்கத்தின் நடுவில் 1859இல் நிறுவிய அவரது சிலை. இன்றைய கானா நாட்டில் பிறந்து, 1727இல் இப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மெய்யியலாளராக உயர்ந்த அன்டோன் வில்ஹெல்ம் அமோவையும் நினைத்துக்கொள்ளலாம். ஊருக்கு வாழ்வளித்தது உப்பு. உப்புக் காய்ச்சுவோரான 'ஹல்லோரன்' சமூகத்தின் பெயரால் 1804 முதல் நடந்துவரும் சாக்லேட் ஆலையும் உண்டு. வீட்டுக்கு வாங்கிச் செல்ல ஏற்றது. நேரம் மிஞ்சினால், வெண்கலக் கால வான்தட்டு உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு மட்டுமே இரண்டு மணி நேரம் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயன்று எதையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

புறப்படும் முன் ஒரு செய்தி. இன்று பளிச்சென்று நிற்கும் ஃபிராங்கே வளாகம் நெடுங்காலம் இடிந்து கிடந்தது. 1946இல் அறக்கட்டளை தன் தனியுரிமையை இழந்தது. கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் கூரைகள் ஒழுகின. வளாகத்தின் வாசலை ஒட்டி மேம்பாலச் சாலை அமைத்தார்கள். அது இன்றும் கண்ணை உறுத்துகிறது. ஜெர்மனி ஒன்றிணைந்தபின் அறக்கட்டளை மீட்கப்பட்டது. 1992 முதல் 2000 வரை இயக்குநராக இருந்த பவுல் ராபே என்ற நூலக அறிஞர், கட்டடம் கட்டடமாகச் சீரமைக்கும் பணியை முன்னின்று நடத்தினார். காப்பது என்பது ஓர் இனத்தின் பிறவிக் குணமன்று. யாரோ சிலர் முடிவெடுத்துச் செய்யும் வேலை. அங்கும் அது தவறியிருக்கக்கூடும். இங்கும் அது நடக்கக்கூடும்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு வாழ்ந்த வீடு ஹாலே அறக்கட்டளையின் ஒத்துழைப்போடு சீரமைக்கப்பட்டு 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஹாலே செல்லும் நண்பர்கள் ஊர் திரும்பும்போது அங்கும் ஒரு நாள் செல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள். இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் படிப்பது போன்றது. ஹாலேக்கு நினைத்த நேரத்தில் இரயில் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் 1926 முதல் ஓர் இரயில் ஓடியது, 1986இல் நிறுத்திவிட்டார்கள். பேருந்தில்தான் போக வேண்டும். போகும் வழியில் பொறையாற்றில் இறங்கி, சிறிய எழுத்து வார்த்த இடம் எங்கே இருந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்.